எனக்கும் ஒண்டு தருவியளோ

நான் எடுத்த படங்களுள் அதிகம் பேர் பார்த்ததும் அதிகம் பேர் பாராட்டியதுமான படம் இன்று என் பக்கங்கள் எதிலும் இல்லை. எட்டு மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு பத்து மணியளவில் அதை நீக்கினேன். அதோடு விடயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. தெருவில் கமராவோடு இறங்கும்போதெல்லாம் அந்தப் படத்தில் இருந்த முதியவர் கேட்ட ஒரு கேள்வி கூடவே வருகிறது. அது அனுமதியைப் பற்றிய கேள்வி அன்று. அனுமதியை நான் கேட்டிருந்தேன், அவரும் தந்திருந்தார். கேட்டுவிட்டு எடுத்தால் பிழையில்லை என்று பல வருடங்களாகப் பிறருக்குச் சொல்லி வந்தவன் நான். அந்தச் சொல்லை இப்போது அதே உறுதியோடு சொல்ல முடியாமல் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு விடியற்காலையிலேயே லொறிகள் வந்து சேர்ந்துவிடும். தம்புள்ளையிலிருந்து கோவாவும் கரட்டும் லீக்ஸும் வரும். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் கத்தரிக்காயும் பயற்றங்காயும் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் கட்டப்பட்டு வரும். அந்த நேரத்து வெளிச்சம் தகரக் கூரையின் இடுக்குகளால் சாய்ந்து விழும்போது, தூசியும் வியர்வையும் சாக்குகளின் நாரும்கூட அதில் துலங்கித் தெரியும். அவருக்கு எழுபது வயது கடந்திருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, துவாயைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, கோவா மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு லொறியிலிருந்து கடைவாசலுக்கு நடந்துகொண்டிருந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபோது அருகே போனேன்.

"ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ?"

"எடுங்கோ தம்பி. மூட்டையோடையோ, இல்லாமலோ?"

"மூட்டையோடை எண்டால் நல்லம் ஐயா."

அவர் குனிந்து, பக்கத்தில் நின்றவரின் கை உதவியோடு மூட்டையை மறுபடியும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். நான்கு படங்கள் எடுத்தேன். மூன்றாவதில் எல்லாம் கூடிவந்திருந்தன: கழுத்து நரம்பு, கண்ணில் விழுந்த ஒளி, பின்னால் மங்கலாகத் தெரிந்த மனிதர்கள். நான் நன்றி சொல்லித் திரும்பும்போது அவர் கேட்டார்: "எனக்கும் ஒண்டு தருவியளோ?" கட்டாயம் தருவேன் என்றேன். அவருடைய பெயரைக் கேட்கவில்லை. பெயர் தெரியாமல் எப்படிக் கொண்டுவந்து கொடுப்பேன் என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்று மாலையே படத்தை முகநூலில் இட்டேன். ஓயாத உழைப்பைப் பற்றி இரண்டு வரியும் எழுதினேன். இரண்டு நாட்களில் முந்நூறுக்கு மேற்பட்டோர் பகிர்ந்திருந்தனர். ஒளியைப் பாராட்டியவர்களும் உழைப்பைப் போற்றியவர்களும் முதலில் வந்தார்கள். பிறகு வேறு விதமான கருத்துகள் வரத் தொடங்கின. இந்த வயதிலும் இப்படிச் சுமக்க விட்டிருக்கிறார்களே, பெற்ற பிள்ளைகள் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே அந்தப் பிள்ளைகளைத் திட்டி இருபது பேர் எழுதியிருந்தனர். அந்தக் கருத்துகளையும் நான் விருப்பக்குறி இட்டு ஏற்றுக்கொண்டிருந்தேன். படம் மனிதர்களின் மனத்தைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அவற்றை அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு வைபரில் ஓர் அழைப்பு வந்தது. கனடாவிலிருந்து, மொன்றியலிலிருந்து. "அண்ணை, அது என்ரை அப்பா" என்றுதான் அவர் தொடங்கினார். கோபமாகப் பேசவில்லை. பேச்சை அடுக்கி வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார். பதினான்கு வருடங்களாக மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார். கோண்டாவிலில் அப்பாவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார். மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலையை மூன்று வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டதாக அப்பா சொல்லியிருந்தார். இவரும் அதை நம்பியிருந்தார். ஒன்றாக வேலை செய்யும் நம் ஊர்ப் பொடியன் ஒருவன் அந்தப் படத்தை வேலையிடத்தில் காட்டி, இது உன்னுடைய அப்பா இல்லையா என்று கேட்டிருக்கிறான். "நான் அப்பாவைப் பட்டினி போட்டிட்டனெண்டு உலகம் முழுக்க எழுதி வைச்சிருக்குது அண்ணை. அதுக்கு நீங்களும் லைக் போட்டிருக்கிறியள்." கடைசியாக ஒன்று சொன்னார்: "இஞ்சை எண்டால் உங்களாலை இப்பிடிப் போடேலாது."

அவர் அழைப்பை வைத்த அடுத்த நிமிடத்தில் படத்தை நீக்கினேன். பகிரப்பட்ட பிரதிகளை நீக்க எனக்கு வழி இருக்கவில்லை.

அந்நியர் இல்லாத ஊர்

தெருவில் முன்பின் தெரியாதவர்களைப் படமெடுக்கும் கலைக்கு ஒரு பாரம்பரியம் இருக்கிறது. நானும் அதைப் படித்தே வளர்ந்தேன். பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே பிரெசோன் தமது லைக்கா கமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடி, யாருடைய கண்ணிலும் படாமல் படமெடுத்தார் என்பதை நம்மிடையே படம் பழகுபவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது வியந்து சொல்லியிருப்போம். கேட்டால் இயல்பு போய்விடும், எடுத்த பிறகு புன்னகைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பவை அந்த மரபில் வந்த பாடங்கள். அந்தப் பாடங்கள் பிறந்த பெருநகரங்களில், எதிரே வருபவர் யார் என்று மற்றவருக்குத் தெரியாது; நாளை மறுபடியும் காணப்போவதும் இல்லை. முகம் அங்கே பெயரிலிருந்து கழன்று நிற்கிறது. படத்தைப் பார்ப்பவர் ஒரு மனிதரைப் பார்க்கிறார், இன்னாரைப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கழற்றல் நடப்பதில்லை. இங்கே இருவர் அறிமுகமானால் முதற் கேள்வி "நீங்கள் எவடம்?" என்பது, இரண்டாவது "ஆற்றை மகன்?" என்பது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், வாய்விட்டுக் கேட்கப்படாத மூன்றாவது கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஒரு முகத்தைப் படமாக்கி வெளியிட்டால், ஊர், ஒழுங்கை, தகப்பன் பெயர், தொழில், சாதி எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் தாங்களே எழுதிக்கொள்வார்கள். பனையில் ஏறிக் கள்ளிறக்கும் மனிதரின் படத்தைச் சுற்றுலாப் பயணிகளும் நம்மவர்களும் விரும்பி எடுக்கிறோம். கறுத்த மரமும் மேலே நீல வானமும் இடையில் ஓர் உடலுமாக அது எப்போதும் அழகாகவே வரும். அந்தப் படம் அவருடைய பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்து வகுப்பறைக்குள் என்ன செய்யும் என்பதை எடுத்தவர் ஒருபோதும் அறியப்போவதில்லை. தொழிலில் இழிவில்லை என்று நாம் மேடையில் சொல்லலாம். அதை நம்பிக்கொண்டு அவருடைய முகத்தை வெளியே வைக்கும் உரிமை நமக்குக் கிடைத்துவிடுவதில்லை, ஏனென்றால் நம் நம்பிக்கைக்கான விலையைக் கொடுப்பது அவரும் அவருடைய பிள்ளைகளும்தான்.

தூரமும் இங்கே வேறு விதமாக வேலை செய்கிறது. திருநெல்வேலியில் எடுத்த படத்தைத் திருநெல்வேலிக்காரர்தான் முதலில் பார்ப்பார் என்றில்லை. கனடாவின் ஸ்காபுரோவிலும் பாரிஸின் லா சப்பலிலும் லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் இருப்பவர்கள்தான் ஊர்ப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது ஏக்கம். ஆனால் அந்த ஏக்கத்தின் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. மதில் இடிந்திருப்பதையும், அண்ணனின் வளவில் மாமரம் தறிக்கப்பட்டிருப்பதையும், அனுப்பிய காசு எங்கே போனது என்பதையும் அது படத்தின் ஓரத்திலிருந்தே கண்டுபிடிக்கும். புலம்பெயர்ந்தவர்களுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும் இடையில் சொல்லப்பட்டவையும் சொல்லப்படாதவையுமாக ஒரு மெல்லிய ஏற்பாடு உண்டு. வேலைக்குப் போவதில்லை என்று சொன்ன அப்பாவும், இரண்டு வேலை செய்கிறேன் என்று சொல்லாத மகனும் அந்த ஏற்பாட்டில்தான் ஒருவரை ஒருவர் காத்துவந்தார்கள். அதன் நடுவில் நான் என் படத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கமராவுக்கு இருந்த வேறு பொருள்

என் தலைமுறையினருக்குத் தெருவில் நம்மை நோக்கி உயரும் கமரா வேறொன்றையும் நினைவூட்டும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையின் படத்தையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் கண்களுக்கு முன்னால் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டு, முகம் மூடி நின்று தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் ஒவ்வொரு முகமாகக் கடந்துபோன நாட்களில், முகம் அடையாளம் காணப்படுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை எவரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குடும்பமாக நின்று எடுத்த படத்தைப் பதிவுக்காகக் கொடுத்த வீடுகள் பல. போர் 2009இல் முடிந்த பிறகும் போராட்டங்களின் ஓரத்தில் சிவில் உடையில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராகப் படமெடுப்பவர்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே பேருந்து நிலையத்தில் ஒரு தாய் என் கமராவைக் கண்டதும் மகனைப் பின்னால் இழுத்து மறைத்தால், அவரைக் கூச்சமுள்ளவர் என்று நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்குத் தெரிந்த வரலாறு அது.

அதே தாய்மார்தான் படங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டத்தில், ஒவ்வொரு கையிலும் ஒரு முகம். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தவை சில. கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுத்ததால் இன்னொருவரின் தோள் ஓரத்தில் மிஞ்சியிருப்பவை சில. எந்தக் கமரா வந்தாலும் அந்தத் தாய்மார் படத்தை முன்னே நீட்டுகிறார்கள், எடுங்கள், எல்லோருக்கும் காட்டுங்கள் என்று. அங்கே நின்று படம் எடுத்திருக்கிறேன். தன் முகத்தைச் சேலைத் தலைப்பால் பாதி மூடி, மகனின் முகத்தை மட்டும் கமராவுக்குக் கொடுத்த ஒரு தாயைக் கண்டிருக்கிறேன். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அவர் எடுத்த முடிவு, நான் படித்த எந்த ஒழுக்கக் கையேட்டையும்விடத் தெளிவாக இருந்தது. அவர் மூடிய அளவுக்குத்தான் நானும் எடுத்தேன்.

இவ்வளவு தெரிந்த ஊரில்தான் இன்று உதவி செய்யும் காணொளிகள் பெருகியிருக்கின்றன. கூரையற்ற வீட்டுக்குள் கமராவோடு நுழைந்து, அந்த வீட்டுப் பெண்ணை அழவைத்து, பொதி கொடுப்பதைப் பதிவுசெய்து, வெளிநாட்டு உறவுகளிடம் காசு கேட்கும் காணொளிகளைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. அரிசிப் பொதியை எதிர்பார்த்து நிற்பவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்பது கேள்வியே அன்று. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் இதைப் பற்றி எனக்கு வேறு சில நண்பர்களோடு வாக்குவாதம் வரும். கோவிலுக்குள் படமெடுக்கத் தடை இருப்பதால் எல்லாக் கமராக்களும் வெளிவீதியில் கூடி நிற்கும். அதிகாலையில் ஈர உடையோடு அங்கப்பிரதட்சணம் செய்யும் ஆண்களையும் அடிக்கு அடி விழுந்து வணங்கி அடியழிக்கும் பெண்களையும் மணலோடு மணலாகக் குனிந்து படமெடுப்பவர்கள், பொதுத் தெருவில் நடப்பதைத்தானே எடுக்கிறோம் என்கிறார்கள். அந்தப் பெண் தெருவில் இருப்பது உண்மைதான். ஆனால் அவர் தெருவுக்கு வரவில்லை, முருகனிடம் வந்திருக்கிறார். நான் அந்த நேரத்தில் கமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.

மொன்றியலில் ஒரு படிக்கட்டு

"இஞ்சை எண்டால் போடேலாது" என்று மகன் சொன்னது கோபத்தில் வந்த சொல் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தபோது, அவர் வாழும் நகரத்திலேயே அப்படியொரு வழக்கு நடந்திருந்தது தெரிந்தது. மொன்றியலின் சென் கத்தரின் வீதியில் ஒரு கட்டடத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணை ஒரு புகைப்படக் கலைஞர் அவரைக் கேட்காமல் எடுத்தார். 1988இல் ஒரு கலைச் சஞ்சிகை அதை வெளியிட்டது. அந்த இதழ் விற்றது 722 பிரதிகள்தான். படத்தில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஒரு பெண் படியில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் பள்ளியில் தோழர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வழக்குத் தொடுத்தாள். கியூபெக் சட்டப்படி தன் உருவத்தின்மீது அவளுக்கு உரிமை உண்டு என்றும், கலை என்பதால் மட்டும் அந்த உரிமை இல்லாமற் போகாது என்றும் 1998இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவளுக்கு வழங்கப்பட்ட 2,000 டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது. கூட்டத்தில் ஒருவராகவோ காட்சியின் ஓரத்தில் தற்செயலாகவோ வருபவருக்கு இது பொருந்தாது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அவளை அந்தப் படத்தின் மையப் பொருளாக ஆக்கியதுதான் வேறுபாடு. அங்கே தவறாகக் கொள்ளப்பட்டது வெளியீடு என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எடுப்பதும் காட்டுவதும் இரண்டு செயல்கள் என்பதை ஒரு நீதிமன்றம் பிரித்துப் பார்த்திருக்கிறது; பத்து வருடங்களாகக் கமராவைத் தூக்கித் திரிந்த நான் பார்க்கவில்லை.

நம் நாட்டில் இதற்கு இணையான துணை எதுவும் சாதாரண மனிதருக்குக் கையெட்டும் தூரத்தில் இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியாகச் சொல்லப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆயினும் சந்தையில் மூட்டை சுமப்பவர் தன் முகத்துக்காக அதைத் தூக்கிக்கொண்டு போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே எங்கள் தெருவில் இதற்கு எல்லை போட வேண்டியது கமராவைப் பிடித்திருக்கும் கைதான்.

இன்னொரு பழைய கதையும் அந்த நாட்களில் என்னைத் தூங்கவிடவில்லை. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பிடுங்குவோரின் முகாமில் டொரத்தியா லாங்க் எடுத்த, பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க வெறித்துப் பார்க்கும் தாயின் படத்தை அறியாத புகைப்படக்காரர் இல்லை. அந்தப் பெண் யார் என்பது 1978 வரை உலகுக்குத் தெரியாது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தோம்சன் என்ற அவர் வெளியே வந்து பேசியபோது, படம் எடுத்தவர் தன் பெயரைக் கேட்கவில்லை என்றும், ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவே இல்லை என்றும் சொன்னார். இதை முன்பும் படித்திருக்கிறேன். முன்பு படித்தபோது அந்தப் பிரதியைப் பற்றிய வரி என் கண்ணில் படவே இல்லை.

நண்பர் ஒருவர் என்னிடம் மறுத்துப் பேசினார், அவர் பேச்சில் உண்மை இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த நமக்கு, 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்திலிருந்து வெளியேறியபோது வீடுகளில் விட்டுச்சென்ற அல்பங்கள் எத்தனை என்று சொல்லத் தெரியாது. இந்த ஊரின் சாதாரண நாட்களின் படங்கள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. எல்லோரும் கேட்டுக் கேட்டு, கூச்சப்பட்டு, கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டால் நாளைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். அதனால்தான் நான் எடுப்பதை நிறுத்தவில்லை. காட்டுவதைத்தான் பிந்தவிடுகிறேன். ஒரு முகத்தை எடுத்தால் கமராவின் திரையில் அவருக்குக் காட்டிவிட்டு, இரண்டாவது கேள்வியைத் தனியாகக் கேட்கிறேன்: இதை வெளியிலே போடலாமா, வெளிநாட்டில் உங்களுடைய ஆட்கள் பார்ப்பார்களா என்று. முதற் கேள்விக்கு உடனே சம்மதித்தவர்களில் பலர் இந்தக் கேள்விக்கு நின்று யோசிக்கிறார்கள். பாசையூர் மீன் சந்தையில் பாரை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "எடுங்கோ தம்பி, வடிவா எடுங்கோ. ஆனால் மகளின்ரை கலியாணம் முடியுமட்டும் ஒரு இடமும் போடாதேங்கோ" என்றார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நல்ல படம். கலியாணம் முடிந்ததா என்று இன்னும் கேட்கப் போகவில்லை.

கோண்டாவில் வீட்டில்

இவ்வளவும் எழுதிய பிறகும், சொல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தது ஒன்று இருக்கிறது. படத்தை நீக்கி இரண்டு வாரம் கழித்து, அதை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதும் பிரதியைக் கொடுப்பதும் ஒரே காரியமாக முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அவர் அங்கே இல்லை. லொறியடியில் நின்ற ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "அவர் இப்ப வாறேல்லைத் தம்பி. மகன் விடுறேல்லையாம். உங்கடை படத்தாலைதான்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. மழையால் லொறி பிந்தியது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வழியையும் காட்டினார்.

புதிய வீடு. இரும்புப் படலை, தரையோடு பதித்த முற்றம், விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரை. அவர் வெள்ளைச் சேர்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். சந்தையில் கண்ட மனிதரைவிடச் சிறியவராகத் தெரிந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. மனைவி இறந்து ஐந்து வருடம் என்று பிறகு சொன்னார். நான் படத்தை வெளியிட்டது பிழை, உங்களுக்குப் பேச்சு வாங்கித் தந்துவிட்டேன் என்று தொடங்கினேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"பேச்சைப் பற்றி எனக்கொண்டுமில்லைத் தம்பி. அவன் பேசட்டும், பிள்ளைதானே. காசு காணாமல் நான் அங்கை போகேல்லை. நாலரைக்கு எழும்பிச் சைக்கிளை எடுத்தால் சந்தையிலை என்னைத் தெரியாத ஆள் இல்லை. ஒரு தேத்தண்ணி குடிச்சு, நாலு கதை கதைச்சு, ரெண்டு மூட்டை இறக்கினால் அண்டைய நாள் போயிடும். இஞ்சை விடிஞ்சால் நான் ஆரோடை கதைக்கிறது?"

மகன் சொன்னதைக் கேட்டபோது, நான் வெளிப்படுத்தியது ஒரு வறுமையை அல்லது ஒரு வெட்கத்தை என்று எண்ணிக் கவலைப்பட்டிருந்தேன். நான் எடுத்தது அந்த மனிதரின் சுதந்திரத்தை. யாருக்கும் தெரியாமல் மூன்று வருடமாகக் காத்து வைத்திருந்த விடியற்காலையை, ஒளி நன்றாக விழுந்தது என்பதற்காக நான் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். மூட்டையோடா, இல்லாமலா என்று அவர் கேட்ட இடத்தில் மூட்டையைத் தெரிந்தெடுத்தவனும் நான்தான். மூட்டை இல்லாமல் எடுத்திருந்தால், சந்தைக்கு மரக்கறி வாங்க வந்த ஒரு முதியவரின் படமாக அது யாருக்கும் கேடு செய்யாமல் இருந்திருக்கும்.

கொண்டுபோன படத்தைக் கொடுத்தேன். அவர் முதலில் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். ஸ்ரூடியோவின் முத்திரையைத் தேடுகிறார் என்பது கொஞ்சம் பிந்தித்தான் எனக்கு விளங்கியது. பிறகு முன்பக்கத்தைத் திருப்பி, கண்ணிலிருந்து தூரமாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். தன்னுடைய முகத்தில் அவர் நிற்கவில்லை. பின்னால் மங்கலாகத் தெரிந்தவர்களை விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்: வெங்காயக் கடைக்காரர், அவருடைய மருமகன், மூட்டை தூக்கிவிட்டவர், லொறிச் சாரதி. நான் வேண்டுமென்றே மங்கலாக்கியிருந்த பின்னணி அது. அவர்களுக்கும் ஒவ்வொன்று கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஓம் என்றேன். இந்த முறை பெயர்களை எழுதிக்கொண்டேன். அவருடைய பெயரையும் கேட்டு எழுதினேன்.

நான் எழும்பியபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீங்கள் ஒருக்கால் மகனோடை கதைப்பியளோ? தூக்க மாட்டன் எண்டு சொல்லுங்கோ. சும்மா போய் இருந்திட்டு வாறன் எண்டு."

அன்று இரவே அழைத்தேன். அப்பா சொன்னதையும், நான் அந்த வீட்டில் கண்டதையும், என்னால் முடிந்த அளவு சுருக்கமாகச் சொன்னேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, "அண்ணை, நீங்கள் படம் எடுத்தது காணாதோ" என்றார் மகன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மற்றப் பிரதிகளைச் சந்தையில் கொடுத்துவிட்டுக் கோண்டாவிலுக்குப் போனேன். படலைச் சத்தம் கேட்டதும் அவர் எழும்பி நின்றார். "என்னவாம்?" என்று கேட்டார். மகன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் என்றேன். அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. "அவன் நல்ல பிள்ளை" என்றார் அவர், எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.